குனிந்து நுழைந்த கதவு

ஷீபா சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள்.

புதிதாகப் பெயின்ட் அடித்த சுவர். அதில் வேலூர்க் கோட்டையை வரைந்திருந்தார்கள். கோட்டை, அகழி, அகழி நிறைய நீலத் தண்ணீர், அதில் இரண்டு வாத்து. வாத்துகளுக்குக் கீழே, இடுப்பு உயரத்தில், இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு விரலை மடக்கித் தட்டினாள். எங்கே தட்டினாலும் ஒரே சத்தம்தான் வந்தது.

"இங்கதானே பெரிம்மா இருந்திச்சி?"

"இங்கதான்."

"கதவு எங்க போச்சி?"

வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். பின்னால் அவளோடு வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஷீபா என் தங்கை மகள். அப்போது அவள் எட்டு மாதக் கர்ப்பிணி. ஒரு கை சுவரில், ஒரு கை வயிற்றில். கையிடுக்கில் நான் வாங்கிக் கொடுத்த தண்ணீர் பாட்டில், மூடியைக்கூடத் திருகாமல் அப்படியே இருந்தது.

போன வாரம் இந்தத் தொடரில் உப்புத் தோல் ஏற்றிய கூட்ஸ் வண்டியைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். "உங்கள் பக்கத்து ஸ்டேஷன்கள் எல்லாம் இப்போது எவ்வளவு அழகாகிவிட்டன, அதையும் எழுதலாமே, எப்போதும் ஏன் இவ்வளவு கோபம்?"

எழுதுகிறேன் ஐயா. அழகைப் பற்றித்தான் இந்த வாரம்.

ஸ்டேஷன் பெயரைச் சொல்ல மாட்டேன். காட்பாடியிலிருந்து ஆம்பூர் பக்கம் போகும் பாதையில் இருக்கிற ஒரு சின்ன ஸ்டேஷன், அது போதும். பெயரைச் சொன்னால் அங்கே வேலை செய்கிற நாலு பேர் திட்டு வாங்குவார்கள். பூட்டு போடுகிற புத்தி அந்த நாலு பேருடையது மட்டும் அல்ல.

முகமும் முதுகும்

அந்த ஸ்டேஷனைக் கட்டியது வெள்ளைக்காரன். கட்ட வைத்தது தோல்.

ரயில் வந்த காலத்தில் அந்த ஊரில் ஏறி இறங்க எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? மனிதர்களுக்காக அங்கே வண்டி நிற்கவில்லை. உப்புப் போட்டு மடித்த தோலுக்காக நின்றது. மனிதர்கள் பிறகு தொற்றிக்கொண்டார்கள்.

கட்டடம் நல்ல கட்டடம், அதைக் குறை சொல்ல மாட்டேன். அடியில் ஆள் இடுப்பு வரைக்கும் கருங்கல். அதற்கு மேல் செங்கல்லும் சுண்ணாம்பும். கூரை தேக்கு உத்தரம் போட்டு, செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பு கொட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ். சித்திரை வெயிலில்கூட உள்ளே நின்றால் கழுத்து வேர்வை காயும். ஜன்னல்களுக்கு மேலே, கயிறு இழுத்துத் திறக்கிற சின்னக் கண்ணாடிக் கதவுகள் இருந்தன. சூடான காற்று அந்த வழியாக வெளியே போய்விடும்.

கருங்கல் எதற்கு என்றால், உப்புக்காக. தோலிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் செங்கல்லைத் தின்றுவிடும். முதலில் கட்டியவன் அதைத் தெரிந்துதான் கட்டினான். தோல் இறக்கும் மேடையைத் தனியாக, காற்று அடிக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் தள்ளிப் போட்டான். அதன் தரையைச் சாய்வாக வைத்து வாய்க்கால் விட்டான். முன்பக்கம் நிற்கிற பெரிய மனிதர்களின் மூக்குக்கு வாடை போகக் கூடாது என்பதில் அவன் ரொம்பக் கவனமாக இருந்தான்.

முன்பக்கம் வளைவு வைத்த போர்ட்டிகோ, தூண்கள், குதிரை வண்டி வந்து திரும்ப வட்டமான பாதை. பின்பக்கம் தோல் மேடை, சாம்பல் மேடு, கழிவுக் குழி, பெருக்குகிறவர்களின் குவார்ட்டர்ஸ். கட்டடத்தின் முகம் அவர்களுக்கு, முதுகு எங்களுக்கு. நான் அந்த ஊர் ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து வருஷக்கணக்காக அந்த ஸ்டேஷனில் ஏறி இறங்கியிருக்கிறேன். போர்ட்டிகோ வழியாக உள்ளே போனது விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைதான். யாரும் தடுக்கவில்லை. கால் தானாகவே தோல் மேடைப் பக்கம் போகும். கம்பெனிக்காரிகள் எல்லோரும் அப்படித்தான் போனோம்.

அத்தை கதவு

பிளாட்பாரத்தின் நடுவில் பெண்கள் காத்திருப்பு அறை. கதவுக்கு மேல் எனாமல் பலகை, அதில் 'உயர் வகுப்பு' என்று மூன்று மொழியில். கதவில் எப்போதும் பித்தளைப் பூட்டு. சாவி ஸ்டேஷன் மாஸ்டர் மேஜை டிராயரில் இருக்கும்.

அந்த அறையின் கோடியில் ஒரு கழிப்பறை. அந்தக் கழிப்பறைக்கு மட்டும் இரண்டு கதவு.

ஒன்று அறையிலிருந்து போகும் கதவு. உயரமான தேக்குக் கதவு, பீங்கான் கைப்பிடி. இன்னொன்று வெளிச்சுவரில், முதுகுப் பக்கம். அது என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான். தகரம் அடித்த கதவு. எடுப்புக் கக்கூஸ் காலத்தில் கழிவை அள்ள வருகிற ஆள் உள்ளே வந்து போகிற வழி அது. கூடையோடு வருகிறவள் முன்கதவால் வரக் கூடாது. அறையில் உட்கார்ந்திருக்கும் சீமாட்டி கண்ணில் படவே கூடாது. குனிந்து வரவேண்டும், குனிந்து அள்ளவேண்டும், குனிந்து போகவேண்டும். அதையும் ஒரு இஞ்சினியர் உட்கார்ந்து அளந்து, பென்சிலால் கோடு போட்டு வரைந்திருப்பான் என்று நினைக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

அந்தக் கதவால் போய் வந்தவள் என் அத்தை, என் அப்பாவின் அக்கா. பெயர் இருதயம். அவள் வேலைக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே பீங்கான் வைத்து, தண்ணீர்த் தொட்டி கட்டி, அள்ளும் வேலை போய்விட்டது. ஆனால் கதவு போகவில்லை. கழுவுவதற்கும் அதே கதவால்தான் போனாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றைக்கும் மாலையைப் பிளாட்பாரத்தில் வைத்துத்தான் போட்டார்கள். அந்த அறைக்குள் அவளுக்கு ஒரு நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை.

நான் கம்பெனியில் சேர்ந்த புதிதில், ஒரு சாயங்காலம், பேசஞ்சர் வண்டியைக் காணோம். எக்ஸ்பிரஸ் எல்லாம் போகட்டும் என்று எங்கள் வண்டியை எங்கேயோ நிறுத்திவைப்பார்கள், அது இன்றைக்கும் நடக்கிறது. நான் காலைப் பின்னிக்கொண்டு நிற்பதை அத்தை பார்த்துவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் கூட்டிப்போனாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் தகரக் கதவைத் திறந்தாள்.

"குனிஞ்சி போ. மேல கல்லு, தல இடிக்கும்."

அன்றிலிருந்து அது எங்கள் கதவாகிவிட்டது. எனக்குத் தெரிந்து என் தோழிக்கு, அவளுக்குத் தெரிந்து அவள் பெஞ்சுக்காரிக்கு. 'அத்தை கதவு' என்று பெயர் வந்துவிட்டது. பேரணாம்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இங்கே ரயில் மாறுகிற பெண்கள்கூட, அத்தை யார் என்று தெரியாமலே அத்தை கதவு என்றார்கள். இரண்டு பேர் போவார்கள், ஒருத்தி வெளியே நின்று பார்த்துக்கொள்வாள்.

ஒரு நாள் உள்பக்கக் கதவின் சாவித் துவாரம் வழியாக அந்த அறையைப் பார்த்தேன். ஆள் உயரக் கண்ணாடி, கை நீண்ட சாய்வு நாற்காலி, வட்ட மேஜை. ஒரு மனுஷி இல்லை. காலி அறைக்கு அவ்வளவு காவல்.

வயிற்றில் பிள்ளையோடு இருந்த மாதங்களில் என்னால் குனிய முடியவில்லை. மண்டியிட்டுத்தான் போனேன். முட்டிக்குக் கீழே புடவை ஈரமாகும். அதோடு ரயில் ஏறி நின்றுகொண்டே காட்பாடி வருவேன். அத்தை முதுகைப் பிடித்துக்கொண்டு, "ஆச்சி, ஆச்சி, அவ்ளோதான்" என்பாள். பெற்றெடுத்த பிறகு அவளுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு, "எனக்கு எதுக்குடி? கதவு இன்னா என் ஊட்டுக் கதவா?" என்றாள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊருக்கெல்லாம் கழிப்பறை கழுவிய அத்தையின் குவார்ட்டர்ஸில் கழிப்பறை கிடையாது.

அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுக்குப் பிறகு காண்ட்ராக்டில் வந்த செல்வி சாவியை வாங்கிக்கொண்டாள். கதவோடு பழக்கத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டாள்.

மதியத்துக்கு மேல் தண்ணீர் இல்லை

ஷூவின் மேல்பாகம் தைக்கும் லைனில் ஒரு புதுப் பெண் சேர்ந்தால், மெஷினில் ஊசி கோர்க்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் பழைய பெண்கள் ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். "சோறு துன்னும்போது ஒரு வாய் குடி. அதுக்கு மேல ஜாஸ்தி குடிக்காத. சாயங்காலம் பேஜாரா பூடும்."

ஆண்கள் படித்தால் இது என்ன பெரிய விஷயம் என்பார்கள். அவர்களுக்கு ஊரெல்லாம் சுவர்.

கம்பெனியில் கழிப்பறை இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. கிளம்பும்போது போய்விட்டுத்தான் வருவார்கள். ஆனால் ஸ்டேஷனுக்கு நடந்து, வண்டிக்குக் காத்திருந்து, வண்டியில் நின்று, இறங்கி வீட்டுக்கு நடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது யார் கையிலும் இல்லை. ரயில் பெட்டியிலும் கழிப்பறை இருக்கிறது. அதற்குள்ளேயே நாலு பேர் மூட்டையோடு நின்றுகொண்டு வருவார்கள். ஆகவே தண்ணீரை நிறுத்து. வயிற்று வலி வருமா, வரட்டும். எரிச்சல் வருமா, மாத்திரை போடு.

அழகுபடுத்தும் வேலை ஆரம்பித்ததும் ஸ்டேஷனின் பின்பக்கம் முழுக்கத் தகரம் வைத்து மறைத்துவிட்டார்கள். பிளாட்பாரத்துக் கடைசியில் இருந்த பொதுக் கழிப்பறையையும் இடித்தார்கள், புதிதாகக் கட்டப் போகிறார்களாம். தகரம் எடுக்கும்வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று பெண்கள் பொறுத்துக்கொண்டார்கள். ஒரு வாய் தண்ணீரும் அரை வாய் ஆனது. ஷீபா அந்த மாதங்களில்தான் உண்டாகியிருந்தாள்.

அன்றைக்கு மதியம் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். அவள் அம்மா, என் தங்கை, கணியம்பாடியில் வயலில் இருப்பாள், போனை எடுக்க மாட்டாள். கம்பெனியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். காட்பாடியிலிருந்து பஸ் பிடித்து ஓடினேன்.

கம்பெனி வாசலில் நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது இதுதான்: "பெரிம்மா, கட்டர குடுக்காம வந்துட்டேன். சூப்பர்வைசர் திட்டுவாரு."

கட்டர் என்பது நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி. கயிறு கோர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். ஷிப்ட் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மயங்கி விழுந்தவளைத் தூக்கி வந்த அவசரத்தில் அது அவள் கழுத்திலேயே இருந்துவிட்டது. பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவள் கட்டரைப் பற்றிக் கவலைப்பட்டாள். அப்போதே எனக்குத் தலைக்கு ஏறத் தொடங்கிவிட்டது.

அந்த ஊரிலேயே ஒரு லேடி டாக்டரிடம் போனோம். ஸ்கேன் பார்த்துவிட்டு அவர் ஷீபாவைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது.

"கொழந்தயச் சுத்தி இருக்கற தண்ணி கம்மியாய்ட்டு வருதும்மா. நீ தண்ணியே குடிக்கறது இல்லயா? இப்டியே இருந்தா கொழந்தைக்கு ஆபத்து, தெரியுதா?"

குளுக்கோஸ் ஏற்றினார்கள். வீடு போய்ச் சேர்வதற்குள் பெரிய பாட்டில் தண்ணீர் ஒன்றைக் குடித்து முடித்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். பஸ் குலுங்கும், ரயிலில் போங்கள் என்றும் சொன்னார். ஆட்டோ வைத்து ஸ்டேஷனுக்கு வந்தோம்.

ஆட்டோவில் மூன்று முறை சொன்னேன், குடிடி என்று. பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"குடிச்சா வரும் பெரிம்மா. டாக்டர்கிட்டயே போய்ட்டுதான் வந்தேன், குளுக்கோஸ் ஏத்தனதுக்கே மறுபடி முட்டுது. ஸ்டேஷன்ல தகரத்த எடுத்துட்டாங்களாம், என் லைன்ல இருக்கற கலா போன்ல சொன்னா. அத்தை கதவுல போய்ட்டு வந்து குடிக்கிறேன்."

அழகு

தகரத்தை எடுத்திருந்தார்கள். மறுநாள் திறப்பு விழா. ஸ்டேஷன் முழுக்க லைட். நல்ல பழைய வளைவுகளுக்கு முன்னால் பிளாஸ்டிக்கில் இன்னொரு வளைவு வைத்திருந்தார்கள். ஊர்ப் பெயரை ஆள் உயர எழுத்தில் நிறுத்தி, அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்க ஒரு மேடை. தோல் மேடையை இடித்துப் புல் பதித்திருந்தார்கள். பொதுக் கழிப்பறை இருந்த இடம் மட்டும் வெறும் மண்ணாகவே கிடந்தது. தோல் மேடைச் சுவரில் மிச்சம் நின்ற துண்டில் கைத்தறி நெய்கிற பெண்ணை வரைந்திருந்தார்கள். பெயின்ட் காய்ந்து முடிப்பதற்குள்ளேயே அவள் கால் பக்கம் உப்புப் பூத்து உதிர ஆரம்பித்திருந்தது. அங்கே எங்களுக்காக நின்ற கலா குடியாத்தத்துக்காரி, வீட்டில் லுங்கித் தறி ஓடுகிறது. "இவ்ளோ நகை போட்டுக்கினு எவ தறியில உக்கார்றா?" என்றாள்.

சுவரில் ஸ்டேஷன் வரலாறு என்று ஒரு பலகை. கட்டிய இஞ்சினியர், நிலம் கொடுத்தவர், முதல் வண்டியில் வந்த துரை, எல்லாம் இருந்தது. தோல் என்ற சொல் ஒரே இடத்தில்தான் இருந்தது. அதைச் சுமந்தவர்கள் எந்த இடத்திலும் இல்லை.

அத்தை கதவு இருந்த இடத்தில் கோட்டை, அகழி, வாத்து. அங்கே நின்றுதான் ஷீபா சுவரைத் தடவினாள்.

"என்னால முடியல பெரிம்மா," என்றாள். நெற்றியில் வேர்வை.

அவளைக் கையைப் பிடித்து முன்பக்கம் கூட்டிவந்தேன். பின்னாலேயே மற்ற பெண்களும் வந்தார்கள். அவர்களுக்கும் அதே அவஸ்தைதான், மாதக்கணக்காக.

காத்திருப்பு அறையின் தேக்குக் கதவு போய்விட்டது. கண்ணாடிக் கதவு. உள்ளே ஏ.சி., பாலித்தீன் பிரிக்காத சோபா. குறுக்கே, மார்பு உயரத்தில், இரண்டு கம்பத்துக்கு நடுவில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. பக்கத்தில் காண்ட்ராக்டரின் ஆள் ஒருவர் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நின்றார். ஸ்டேஷன் மாஸ்டரும் இருந்தார். வடக்கிலிருந்து வந்த சின்ன வயதுக்காரர், தமிழ் மெதுவாகப் பேசுவார்.

விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன்.

"சாவி என்கிட்ட இல்லை மேடம். விழா முடிஞ்ச பிறகுதான் எனக்குக் கொடுப்பாங்க," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். அவர் முகத்தில் சங்கடம் தெரிந்தது. அதை வைத்து நான் என்ன செய்ய?

காண்ட்ராக்டரின் ஆளுக்குச் சங்கடம் எல்லாம் இல்லை.

"நாளைக்குத் தலைவர் வந்து தொறக்கப் போறாரும்மா. அதுவரைக்கும் யாரையும் வுடக் கூடாது. இன்னும் உள்ள ஒருத்தர்கூடக் கால் வெக்கல. அழுக்காய்டும்."

உள்ளே செல்வி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கால் வெக்கலயா? அப்ப உள்ள இருக்கறது யாரு?" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். "அது கிளீனிங்மா," என்றார்.

அது. எங்கள் இருதயம் அத்தையும் இப்படித்தான் அந்த ஸ்டேஷனில் ஒரு அதுவாக இருந்துவிட்டுப் போனாள். என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது, அதற்குள் ஷீபா முன்னால் வந்துவிட்டாள். கையைக் கூப்பிக்கொண்டு அந்த ஆளிடம் பேசினாள்.

"சார், இந்தப் பக்கம் வாணாம் சார். பின்னாடி ஒரு சின்னக் கதவு இருந்திச்சி, சுவத்துல. அத மட்டும் ஒடச்சி வுட்ருங்க சார். நாங்க எப்பவும் போல குனிஞ்சி போய்க்கிறோம்."

"ஆமா சார்," என்றாள் கலா.

"அது போதும் சார்," என்றார்கள் பின்னால் நின்றவர்கள், ஒருவர் பின் ஒருவராக.

எதிரில் கதவு இருக்கிறது. சீசன் டிக்கெட் பையில் இருக்கிறது. பன்னிரண்டாவது படித்தவர்கள், டிப்ளமோ படித்தவர்கள், வெளிநாட்டுக்காரன் காலில் போடுகிற ஷூவைத் தைக்கிறவர்கள். கை கூப்பிக் கேட்கிறார்கள், பீக்கூடை போன வழியைத் திறந்துவிடு என்று. முன்கதவைக் கேட்க வேண்டும் என்று ஒருத்திக்குக்கூடத் தோன்றவில்லை. அவர்களை இப்படி ஆக்கியது எது என்று தெரிந்தும், அந்த நேரத்தில் என் கோபம் எல்லாம் அவள் மேலேதான் திரும்பியது.

"குனிவியாடி?" என்றேன். "குனிவியா? எங்க, குனிஞ்சி காட்டு."

ஷீபா என்னைப் பார்த்தாள். பிறகு தன் வயிற்றைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் திரண்டது. பெற்ற பெண் மாதிரி வளர்த்தவளை நாலு பேர் எதிரில் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று பிறகு என் தங்கை சண்டை போட்டாள். போடட்டும். எனக்கு அப்போது என் முட்டிக்குக் கீழே நனைந்த புடவைதான் ஞாபகத்தில் இருந்தது.

ரிப்பன்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செல்வி துடைப்பதை நிறுத்தியிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். மாப்பைச் சுவரில் சாய்த்துவைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். மேல் தாழ்ப்பாளை இறக்கினாள், கீழ்த் தாழ்ப்பாளைத் தூக்கினாள், கதவை உள்பக்கம் இழுத்தாள். குளிர்ந்த காற்று வெளியே வந்தது.

"வா ஷீபா. தர ஈரமா கீது, பாத்து வா," என்றாள்.

"ஏய், யாரு உன்ன தொறக்கச் சொன்னது?" என்று கத்தினார் காண்ட்ராக்டரின் ஆள். செல்வி கதவை விடவில்லை.

நடுவில் ரிப்பன் மட்டும் இருந்தது. ஷீபா அதன் எதிரில் போய் நின்றாள். பழக்க தோஷம், தலையைத் தாழ்த்தி அடியில் நுழையப் பார்த்தாள். வயிறு விடவில்லை. நிமிர்ந்தாள்.

பிறகு அவள் கை கழுத்துக் கயிற்றுக்குப் போனது.

ஒரு நாளைக்கு எத்தனையோ நூலை வெட்டுகிற கை அது. பார்த்துக்கூட வெட்டவில்லை. இரண்டு விரலில் ரிப்பனைப் பிடித்து, கட்டரை வைத்து ஒரு அழுத்து. இரண்டு பக்கமும் ரிப்பன் விழுந்தது. யாரும் கை தட்டவில்லை. ஷீபா நிமிர்ந்த தலையோடு உள்ளே நடந்துபோனாள்.

காண்ட்ராக்டரின் ஆள் போனை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்தார். "சார், பாத்துக்கினு நிக்கறீங்களே, நீங்க சொல்லக் கூடாதா?"

"எனக்கு அனௌன்ஸ்மென்ட் வேலை இருக்கு," என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் மாஸ்டர் தன் அறைக்குப் போய்விட்டார்.

நானும் உள்ளே போனேன். இத்தனை வயதுக்கு அந்த அறையில் முதல் முறையாகக் கால் வைத்தேன். சாவித் துவாரத்தில் பார்த்த கண்ணாடி இல்லை, சாய்வு நாற்காலி இல்லை. தேக்கு உத்தரத்தை மறைத்துப் பொய்க் கூரை போட்டிருந்தார்கள். மேலே காற்றுப் போகிற ஜன்னல்களை அடைத்துவிட்டு ஏ.சி. மாட்டியிருந்தார்கள். இருந்த நல்லதையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, பூட்டை மட்டும் புதுப்பித்திருந்தார்கள்.

ஷீபா வெளியே வந்தாள். பாலித்தீன் போட்ட சோபாவில் உட்கார்ந்தாள். பாட்டில் மூடியைத் திருகினாள். குடித்தாள். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டு மறுபடி குடித்தாள். வாசலில் கலாவும் மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள். சிலர் செருப்பைக் கழற்றப் போனார்கள். நான் வேண்டாம் என்றேன்.

பாட்டிலைக் காலி செய்துவிட்டு ஷீபா அதைச் செல்வியிடம் நீட்டினாள். "அக்கா, இன்னொரு வாட்டி ரொப்பிக் குடுங்க."

அந்தச் சாயங்காலமே செல்வியிடம் நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் விடிந்ததும் அவர்களே கூப்பிட்டார்கள். தலைவர் வருவதற்கு முன்னால் கழிப்பறையைக் கழுவ வேறு ஆள் கிடைக்கவில்லை. புது ரிப்பன் கட்டினார்கள், தலைவர் வெட்டினார், அந்த போட்டோ பத்திரிகையில் வந்தது. என்னைக் கேட்டால் திறந்து முடிந்த அறையைத்தான் அவர் திறந்தார்.

கட்டரைக் கலாவிடம் கொடுத்தனுப்பினாள் ஷீபா. ஏன் எடுத்துக்கொண்டு போனாள் என்று சூப்பர்வைசர் கேட்டாராம். "ஸ்டேஷன்ல ஒரு வேலை இருந்திச்சி சார்," என்று சொல்லியிருக்கிறாள் கலா.

கோபம் தீர்ந்ததா என்று அந்த வாசகர் மறுபடி எழுதிக் கேட்க வேண்டாம். தீரவில்லை. இன்றைக்கும் சில நாள் அந்தக் கண்ணாடிக் கதவைப் பூட்டிவைக்கிறார்கள். பூட்டியிருந்தால் கம்பெனிப் பெண்கள் நேராகப் போய்ச் சாவியைக் கேட்கிறார்கள். பின்கதவைப் பற்றி யாரும் பேசுவதில்லை.